சூடேறிய சில்லு

சென்ற மாசி மாதத்தில் ஒருநாள், கிளிநொச்சியில் உறவினர் வீட்டு விசேடமொன்றை முடித்துக்கொண்டு, எமது பழைய ஜப்பானியச் சிறு காரில் யாழ்ப்பாணம் திரும்பிக்கொண்டிருந்தோம். பளையைத் தாண்டியதும் பின்னாசனத்திலிருந்த இல்லாள், "இஞ்சாருங்கோ, ஏதோ எரியிற மணம் வருது" என்றார். வளவொன்றில் யாரோ குப்பை கொளுத்துகிறார்கள் எனச் சொல்லிச் சமாளித்தோம். ஆயினும் வண்டி இடப்புறமாக இழுத்துக்கொண்டே இருந்தது. கொடிகாமத்தில் நிறுத்திப் பார்த்தபோது, முன் இடச்சில்லின் அருகே கையைக் கொண்டுபோக இயலாத அளவுக்கு அனல் வீசியது. அங்கு நின்ற இளைஞரொருவர் வாளியில் தண்ணீர் கொண்டுவந்து ஊற்ற முனைந்தார். நன்றி கூறித் தடுத்துவிட்டோம். சிவக்கக் காய்ந்த இரும்பில் தண்ணீர் பட்டால், தட்டு கோணவோ வெடிக்கவோ கூடும். ஒரு மணி நேரம் ஆறவிட்டு, ஆமை வேகத்தில் வீடு வந்து சேர்ந்தோம்.

பதினெட்டு ஆண்டுகளாகக் கல்லூரியிற் பௌதிகவியல் கற்பித்து வருகிறோம். 1623 முதல் 1662 வரை வாழ்ந்த பிரெஞ்சு அறிஞர் பாஸ்கலின் விதியை ஆண்டுதோறும் கரும்பலகையில் எழுதி வருகிறோம். அடைபட்ட திரவத்தில் ஓரிடத்திற் கொடுக்கும் அமுக்கம் எங்கும் குறையாது பரவும் என்பது அவ்விதி. காற்பெடலை மிதிக்க, மாஸ்டர் சிலிண்டரிலுள்ள ஒயில் அமுக்கப்பட்டு, சில்லருகே கலிப்பர் எனும் கவ்வியினுள் இருக்கும் பிஸ்டனைத் தள்ளுகிறது. பிஸ்டனின் பரப்பு மாஸ்டர் சிலிண்டரின் பரப்பைப்போல் ஏழு மடங்காயின், தள்ளும் விசையும் ஏழு மடங்காகும். பிஸ்டன் தேய்பட்டைகளைச் சுழலும் தட்டின்மீது அழுத்த, வண்டி நிற்கிறது. இவ்வளவும் எமக்குத் தெரியும். ஆனால், காலை எடுத்தபின் பிஸ்டன் எவ்வாறு பின்வாங்குகிறது என்பதை அன்றுவரை நாம் எண்ணிப் பார்த்ததில்லை.

அங்கே வில் எதுவும் இல்லை. பிஸ்டனைச் சுற்றி ஒரு சிறு றப்பர் வளையம் இருக்கிறது. வெட்டுமுகம் சதுரமான இந்த வளையத்தை, ஒயில் கசியாமற் காப்பதால் சீல் என்பர். பிஸ்டன் முன்னே நகரும்போது சீல் அதனோடு சிறிது முறுகுகிறது; அமுக்கம் நீங்கியதும் பழைய நிலைக்குத் திரும்பி, பிஸ்டனையும் மயிரிழை தூரம் பின்னிழுக்கிறது. தட்டுக்கும் தேய்பட்டைக்கும் இடையே விழும் அந்த மயிரிழை இடைவெளியே சில்லைச் சுதந்திரமாகச் சுழலவிடுகிறது. பிஸ்டனிற் கறள் ஏறிவிட்டால் இந்தச் சிறு றப்பரின் வலிமை போதாது. மிதித்த பிறேக் மிதித்தபடியே நின்றுவிடும்.

அடுத்த ஞாயிறு காலை வேலையைத் தொடங்கினோம். பின்சில்லுகளுக்கு முட்டுக்கொடுத்து, முன்சில்லின் நட்டுகளைத் தரையில் இருக்கும்போதே சிறிது தளர்த்தி, ஜக்கினால் உயர்த்தி, உறுதியான இரும்புத் தாங்கியின்மீது வண்டியை இருத்தினோம். ஜக்கை மட்டும் நம்புவதும், சீமெந்துக் கல்லை அடுக்குவதும் உயிரோடு விளையாடுவதாகும். பாரம் ஏறிய சீமெந்துக் கல் முன்னறிவிப்பின்றி நொறுங்கும்.

கலிப்பரைக் கழற்றுமுன் ஒரு சோதனை உண்டு. காற்றை வெளியேற்றும் நிப்பிளைச் சற்றுத் திறந்தால், அடைபட்ட ஒயில் பீறிட்டுச் சில்லு உடனே தளரக்கூடும். அப்படியாயின் குற்றம் பிஸ்டனில் இல்லை. பெரும்பாலும் உட்புறம் வீங்கிய றப்பர்க் குழாயில் இருக்கும். எமது சில்லு தளரவில்லை. கலிப்பர் வழுக்கி ஓடும் ஊசிகளும் தடையின்றி நகர்ந்தன. ஆகவே பிஸ்டனே குற்றவாளி.

இறுகிய பிஸ்டனைக் குறட்டினாற் பிடித்து இழுப்பவர்கள் உண்டு. அதனால் விழும் கீறல் பிஸ்டனைப் பாழாக்கிவிடும். அமுக்கிய காற்றால் தள்ளுவோரும் உண்டு. துப்பாக்கிக் குண்டுபோற் பாயும் பிஸ்டன் விரலைத் துண்டித்துவிடும். வண்டியின் சொந்த ஒயில் அமுக்கமே நல்ல வழி. குழாய் பூட்டியபடியிருக்க, கலிப்பரைத் தொங்கவிடாமற் கம்பியாற் கட்டி, வாயில் ஒரு மரத்துண்டை வைத்து, கீழே தட்டமொன்றை ஏந்தினோம். உயர்தர வகுப்பிற் படிக்கும் எமது மகளைச் சாரதி ஆசனத்தில் இருத்தினோம்.

"மெதுவா மிதி, பிள்ளை."

பிஸ்டன் ஒரு நெல்லளவு வந்து நின்றுவிட்டது. நிப்பிளைத் திறந்து திருகுக்கவ்வியால் உள்ளே தள்ளினோம். மூடி மீண்டும் மிதிக்கச் செய்தோம். இவ்வாறு முன்னும் பின்னுமாக அரை மணி நேரம் சென்றபின், மரத்துண்டின்மேல் மெல்ல வந்து சாய்ந்தது. ஒயில் கபில நிறமாக வடிந்தது. அது காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும் இயல்புடையது. டொட் 3 எனும் வகை, புதிதாயின் 205 பாகை செல்சியசுக்குக் குறையாத வெப்பத்திலேயே கொதிக்க வேண்டும். ஈரமேறியபின் 140 பாகையே அதற்குரிய கீழ் எல்லை. கறளுக்கும் அந்த ஈரம் ஒரு காரணம்.

பெரிய காரணம் எமது அசட்டை. எட்டு மாதங்களுக்குமுன் தேய்பட்டை மாற்றியபோது, பிஸ்டனின் வெளிவாயை மூடும் றப்பர் உறை கிழிந்திருப்பதை மெக்கானிக் காட்டினார். "பிறகு பாப்பம்" என்றவர் நாமே. தேய்பட்டை மெலிய மெலிய பிஸ்டன் வெளியே நீண்டு நிற்கும். கிழிந்த உறைவழியே நீரும் புழுதியும் புகுந்து அந்த வெளிப்பகுதியைக் கறளாக்கும். புதிய தடித்த பட்டை பூட்டும்போது, அக்கறளோடு பிஸ்டன் சீலுக்குள் தள்ளப்படும். ஓடிக்கொண்டிருந்த வண்டி, பட்டை மாற்றியபின் இறுகுவதன் மர்மம் இதுதான்.

எமரிக் கடதாசியாற் கறளைத் தேய்த்தோம். பளபளப்பு வந்தது. திங்கட்கிழமை பள்ளிக்குக் கார் வேண்டுமே என்ற எண்ணமும் கூடவே வந்தது. மகள் பிஸ்டனை வெயிலிற் பிடித்து நகத்தால் வருடினாள்.

"அப்பா, இதிலை குழி இருக்கு. இதுக்குள்ளாலை ஒயில் கசியாதோ?"

நகம் தட்டுப்படும் குழி சீல் உரசும் இடத்தில் இருந்தால் அப்பிஸ்டன் உதவாது. குரோமிய முலாம் தேய்ந்த இடத்திற் கறள் திரும்பவும் ஏறும். நாம் மறுமொழி சொல்லவில்லை. கொழும்பிலிருந்து புதுப் பிஸ்டனும் சீலும் உறையும் வரும்வரை, ஐந்து நாள் சைக்கிளிற் பள்ளிக்குப் போனோம்.

சிலிண்டரின் உட்புறத்தைச் ஸ்பிரிட்டினாற் கழுவினோம். பெற்றோலோ மண்ணெண்ணெயோ படக்கூடாது. றப்பர் ஊதிக் கெட்டுவிடும். சீல் அமரும் பள்ளத்திற் படிந்த கறளைச் சுரண்ட ஈர்க்கைவிடச் சிறந்த கருவியை நாம் காணவில்லை. இரும்பு ஊசி கீறிவிடும். புதுச் சீலைப் புதுப் பிறேக் ஒயிலில் நனைத்துப் பூட்டினோம். பிஸ்டன் விரல் அழுத்தத்துக்கே இறங்கியது. வலப்பக்கத்தையும் திறந்து பார்த்து, இருபுறமும் தேய்பட்டை மாற்றினோம். ஒரு பக்கம் மட்டும் மாற்றினால் வண்டி ஒருபுறம் இழுக்கும்.

எயார் எடுக்கும் வேலை மாலைவரை நீண்டது. மகள் மிதிக்க, நாம் நிப்பிளைத் திறக்க, குமிழிகள் நின்றபின்னரும் பெடல் பஞ்சுபோல் இருந்தது. ஒயில் டப்பா வற்றியதைக் கவனியாது மீண்டும் காற்றை உள்ளே விட்டுவிட்டோம்! நிரப்பித் திரும்பவும் தொடங்கினோம். பெடல் கல்லாக நின்றதும், ஒரு நிமிடம் அழுத்திப் பிடிக்கச் சொல்லிக் கசிவு பார்த்தோம். பின்னர் ஒழுங்கைக்குள்ளேயே பலமுறை ஓட்டி நிறுத்தினோம். இங்கும் ஐயம் எஞ்சியிருந்தால் கராஜுக்கே கொண்டுபோயிருப்போம்.

சித்திரையில் மீண்டும் கிளிநொச்சி சென்று திரும்புகையில் கொடிகாமத்தில் நிறுத்தினோம். இரு முன்சில்லுகளின் அருகிலும் புறங்கையை வைத்துப் பார்த்தோம். சூடு ஒத்திருந்தது. இல்லாள் இறங்கி மணந்து பார்த்துவிட்டு, தேநீர் குடிக்கலாம் என்றார்.