பவர் ஸ்டியரிங்கை மாற்றும்போது இணைப்பில் கவனம் தேவை

மூலனூர், தாராபுரம் பகுதிகளில் முருங்கையும் பருத்தியும் பயிரிடும் விவசாயிகளில் சிலர் பழைய ஜீப்பையோ காரையோ இன்னும் பயன்படுத்தி வருகின்றனர். இவற்றில் பவர் ஸ்டியரிங் உள்ள வண்டியில் பம்பு பழுதாகி, உதிரிபாகமும் கிடைக்காதபோது, சாதாரண ஸ்டியரிங் பெட்டியைப் பொருத்துவது உண்டு. அப்போது பெட்டிக்குக் காட்டும் அக்கறையை, அதனை ஸ்டியரிங் தண்டுடன் சேர்க்கும் இணைப்புக்கும் காட்டுவது அவசியம். இணைப்பு விட்டுப்போனால் வண்டியைத் திருப்ப வேறு வழியில்லை.

பவர் ஸ்டியரிங்கில் சக்கரங்களைத் திருப்பும் வேலையின் பெரும்பகுதியை எண்ணெய் அழுத்தம் செய்துவிடுகிறது. சாதாரண ஸ்டியரிங்கில் கையால் கொடுக்கும் முழு விசையும் தண்டு, இணைப்பு வழியாகவே செல்கிறது. பாரத்துடன் நிற்கும் வண்டியைத் திருப்பும்போது இது மிக அதிகம். ஆகவே, முன்பு இலேசான வேலை பார்த்த தேய்ந்த இணைப்பை அப்படியே பயன்படுத்துதல் கூடாது.

முதலில் தண்டின் பல்வரிசையைப் பார்க்க வேண்டும். பற்களின் எண்ணிக்கையும் விட்டமும் இணைப்புடன் சரியாகப் பொருந்த வேண்டும். சுத்தியால் அடித்து ஏற்றுவதும், இடைவெளிக்குத் தகடு வைப்பதும் ஆபத்து. புதிய பெட்டியால் நீளம் குறைந்தால், தண்டை வெட்டி வெல்டிங் வைக்காமல், சரியான நீளமுள்ள இடைத்தண்டைப் பொருத்த வேண்டும்.

இறுக்கும் போல்ட்டு, தண்டிலுள்ள பள்ளத்தின் வழியே செல்லுமாறு இணைப்பை முழுவதும் ஏற்ற வேண்டும். அப்படி இருந்தால் நட்டு சற்றுத் தளர்ந்தாலும் தண்டு உருவிக்கொள்ளாது. கடையில் கிடைக்கும் சாதாரணப் போல்ட்டைப் போடாமல், அதற்குரிய உறுதியான போல்ட்டையும் புதிய பூட்டு நட்டையும் பயன்படுத்த வேண்டும். இணைப்பில் ரப்பர் வட்டு இருந்தால், அதில் வெடிப்போ எண்ணெய் ஊறலோ கண்டவுடன் மாற்றிவிடுவது நலம்.

தண்டு வளைந்து செல்லும் இடத்தில் யுனிவர்சல் ஜாயிண்ட் பயன்படுகிறது. ஒரே ஜாயிண்ட் 30 டிகிரி சாய்ந்திருந்தால், ஒவ்வொரு சுற்றிலும் திருப்பும் வேகம் இருமுறை ஏறி இறங்கும். ஏற்றம் சுமார் 15 சதவீதம், இறக்கம் சுமார் 13 சதவீதம். ஸ்டியரிங் ஓரிடத்தில் கனமாகவும் ஓரிடத்தில் இலேசாகவும் தெரிவதற்கு இதுவும் ஒரு காரணம். இரண்டு ஜாயிண்ட்டுகளின் சாய்வும் சமமாக, இடைத்தண்டின் இரு முனைக் கவைகளும் ஒரே வரிசையில் இருந்தால் இக்குறை நீங்கும்.

டிராக்டருக்கு இம்முறையை அப்படியே பின்பற்ற இயலாது. பல டிராக்டர்களில் ஸ்டியரிங்குக்கும் முன்சக்கரத்துக்கும் இடையே எண்ணெய்க் குழாய்கள் மட்டுமே உண்டு. தண்டுத் தொடர்பு கிடையாது.

வேலை முடிந்ததும் முன்பக்கத்தை ஜாக்கி வைத்துத் தூக்கி, தாங்கிகள் மேல் உறுதியாக நிறுத்தி, இரு பக்கமும் கடைசிவரை திருப்பிப் பார்க்க வேண்டும். எங்கும் பிடிக்கவோ, புகைபோக்கியிலும் பிரேக் குழாயிலும் உரசவோ கூடாது. சில நாட்கள் ஓட்டியபின் போல்ட்டுகளை மறுபடியும் சரிபார்க்க வேண்டும். மாற்றத்துக்கு அனுமதி தேவையா என்பதை வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் முன்கூட்டியே கேட்டறிதல் நன்று.