தர்மசாலாவுக்கு மேலே பத்துக் கிலோமீட்டர்

இமாச்சலப் பிரதேசத்தின் காங்க்ரா மாவட்டத்தில், தௌலாதார் மலைத்தொடரின் சரிவில் இருக்கிறது மெக்லியோட் கஞ்ச். தலாய் லாமா வசிக்கும் ஊர் இது. நாடு விட்டு வந்த திபெத்தியர்களின் மத்திய நிர்வாகமும் இதற்குச் சற்றுக் கீழேதான் நடக்கிறது. விமானம், வாடகைக் கார் எல்லாம் உண்டு. ஆனாலும் ஊரை அதன் மக்களோடு சேர்த்துப் பார்க்க வேண்டுமென்றால் இமாச்சல் அரசு பஸ்ஸில்தான் போக வேண்டும்.

டெல்லி காஷ்மீரி கேட் நிலையத்தில் மாலையில் ஏறினால், சுமார் 475 கிலோமீட்டர் ஓடி மறுநாள் காலையில் தர்மசாலா வந்துவிடும். ரயிலில் பதான்கோட் வரை வந்து, அங்கிருந்து சாதாரண பஸ்ஸில் ஏறுவது இன்னொரு வழி. தூரம் ஏறக்குறைய 90 கி.மீ. இதுவே மேல். இரவு பஸ்ஸில் தூக்கத்தில் கழிந்துவிடும் மலை, இதில் பட்டப்பகலில் கண்ணெதிரே வளர்கிறது. நூர்பூர், ஷாப்பூர், கக்கல் என்று ஊர் ஊராக நின்று போவதால் மூன்று மணி நேரத்துக்கு மேல் ஆகும். கண்டக்டரின் விசில் தமிழ்நாட்டுப் பயணிக்குப் பழகிய ஒலிதான். இடப்பக்க ஜன்னலோரம் இடம் கிடைத்தால் விடக்கூடாது. வானம் தெளிந்திருந்தால், 4,000 மீட்டருக்கும் மேல் உயர்ந்த சிகரங்கள் வயல்களுக்குப் பின்னால் மதில்போல நிற்கும்.

தர்மசாலாவில் பஸ் மாற வேண்டும். மெக்லியோட் கஞ்சுக்கு இரண்டு சாலைகள். ஒன்று குறுகலான செங்குத்துப் பாதை. ஜீப்புகளும் கார்களும் அதில் ஏறும். பஸ்கள் போவது ஃபோர்சித் கஞ்ச் வழியாகச் சுற்றும் பத்துக் கிலோமீட்டர் சாலையில். வளைவுக்கு வளைவு ஹாரன், தேவதாரு நிழல், குளிர். பக்கத்து இருக்கையில் பெரும்பாலும் ஒரு திபெத்தியப் பாட்டி இருப்பார். சுபா என்னும் நீண்ட அங்கி, அதன் மேல் மணமான பெண்கள் கட்டும் வண்ணக்கோடு போட்ட இடுப்பு முன்துணி. வண்டி எந்தப் பக்கம் சாய்ந்தாலும் அவர் கட்டைவிரல் மட்டும் 108 மணிகள் கோத்த ஜபமாலையில் ஒவ்வொன்றாய் நகர்ந்துகொண்டே இருக்கும்.

இந்த ஊர் திபெத்தியர்கள் கட்டியதல்ல. பஞ்சாபின் துணைநிலை ஆளுநராக இருந்த டொனால்ட் மெக்லியோட் பெயரால் ஆங்கிலேயர் அமைத்த மலைவாசத்தலம். 1905 ஏப்ரல் 4 அன்று காங்க்ரா நிலநடுக்கம் சுமார் 20,000 உயிர்களைப் பறித்தபோது ஊரும் இடிந்தது. அதன்பின் அது பழைய நிலைக்குத் திரும்பவே இல்லை. 1959 மார்ச்சில் லாசாவிலிருந்து தப்பி வந்த தலாய் லாமா முதலில் முசோரியில் தங்கினார். 1960-ல் இங்கே குடியேறினார். வெறிச்சோடிக் கிடந்த ஊரைச் சொல்லி அரசின் கவனத்தை ஈர்த்தவர்களில், அங்கே தலைமுறைகளாகக் கடை நடத்திய நவ்ரோஜி என்ற பார்சி வணிகர் முக்கியமானவர்.

தலாய் லாமாவைத் தொடர்ந்து சுமார் 80,000 பேர் எல்லை தாண்டினார்கள். அவர்களில் ஏராளமானோருக்குக் கிடைத்த முதல் பிழைப்பு, இமயமலையில் சாலை போடும் கூலி வேலை. மலைச்சாலையில் வசதியாக உட்கார்ந்து போகும் பயணி இதை மறக்கலாகாது. உயரத்தில் வளர்ந்த உடம்புக்குக் கீழ்நாட்டு வெயிலும் நோயும் ஒத்துக்கொள்ளவில்லை. முகாம்களில் பலர் மடிந்தார்கள். 1960 மே மாதம் ஜம்மு சாலை முகாம்களிலிருந்து நோயும் பட்டினியுமாக 51 குழந்தைகள் தர்மசாலா வந்து சேர்ந்தார்கள். அவர்களை ஏற்றுக்கொண்டவர் தலாய் லாமாவின் அக்கா செரிங் டோல்மா. திபெத்தியக் குழந்தைகள் கிராமம் அப்படித்தான் பிறந்தது. மெக்லியோட் கஞ்சுக்கு மேலே, டல் ஏரிக்கரையில் இன்றும் அது பள்ளியாக இயங்குகிறது.

பஸ் நிற்கும் சதுக்கத்திலிருந்து கோயில் நடைதூரம். தலாய் லாமாவின் இல்லத்துக்கு எதிரே உள்ள அந்தக் கோயிலையும் குன்றையும் சுற்றி ஒரு பாதை போகிறது. எப்போதும் வலம் வருவதே முறை. பிரார்த்தனை உருளைகளையும் அதே திசையில்தான் சுழற்ற வேண்டும். ஊருக்குக் கீழே, நிர்வாக அலுவலகங்களை ஒட்டி 1970-ல் தொடங்கிய நூலகம், திபெத்திலிருந்து முதுகில் சுமந்து வந்த சுவடிகளைக் காக்கிறது. தங்கா ஓவியமும் மரச்செதுக்கலும் கற்றுத்தரும் நோர்புலிங்கா நிறுவனம் சித்பூரில் உள்ளது. தர்மசாலாவிலிருந்து பாலம்பூர் பக்கம் போகும் லோக்கல் பஸ்ஸில் ஏறி, சித்பூரில் இறங்கிக் கொஞ்சம் நடந்தால் போதும்.

ஜூலை முதல் செப்டம்பர் பாதி வரை மழை கொட்டும். மண்சரிவால் சாலை அடைபடுவதும் உண்டு. மார்ச் முதல் ஜூன் வரையும், அக்டோபர், நவம்பரும் பயணத்துக்கு ஏற்றவை. குளிர் தொடங்கியதும் பல திபெத்தியக் குடும்பங்கள் கீழே இறங்கிவிடும். லூதியானாவில் ஸ்வெட்டர் வாங்கி, தென்னிந்தியா உட்படப் பல நகரங்களின் நடைபாதைகளில் கடை போடுவார்கள். பிப்ரவரி அல்லது மார்ச்சில் வரும் லோசர் என்னும் திபெத்தியப் புத்தாண்டுக்கு அவர்கள் வீடு திரும்பும்போது மலையேறும் பஸ்களில் இடம் கிடைப்பது கஷ்டம்.