பாங்காக்கைப் படகிலிருந்து பாருங்கள்

பாங்காக் போய்வருகிற நம்மவர்கள் பலர் பார்ப்பது பட்டாயா கடற்கரையையும், இரண்டு மால்களையும், கடைசி நாள் அவசரத்தில் ஒரே ஒரு கோயிலையும்தான். மிச்ச நேரமெல்லாம் டிராஃபிக்கில் போய்விடுகிறது. ஆனால், அந்த நகரம் சாலையைப் பார்த்துக் கட்டப்பட்டதல்ல. 1782-ல் முதலாம் ராமா மன்னர் சாவ் பிராயா ஆற்றின் மேற்குக் கரையிலிருந்து கிழக்குக் கரைக்குத் தலைநகரை மாற்றியபோது, அரண்மனை, கோயில், சந்தை எல்லாமே ஆற்றை ஒட்டித்தான் எழுந்தன. அதனால் ஒரு முழு நாளையாவது ஆற்றுக்குக் கொடுங்கள்.

ஸ்கை ட்ரெயினில் சபான் தக்சின் நிலையத்தில் இறங்கினால், கீழேயே சாத்தோர்ன் படகுத்துறை. சுற்றுலாப் படகு வேண்டாம். ஆரஞ்சுக் கொடி கட்டிய படகில் ஏறுங்கள், கட்டணம் குறைவு. ஆபீஸ் போகிறவர்கள், பள்ளிப் பிள்ளைகள், பிக்குகள் எல்லாரும் அதில்தான் வருவார்கள். பிக்குகளுக்கென ஒதுக்கிய இடத்தில் நிற்காதீர்கள். பெண்கள் அவர்கள் மீது பட்டுவிடாமல் சற்று விலகி நிற்பது அந்த ஊர் மரியாதை.

தா சாங் துறையில் இறங்கினால் அரண்மனை பக்கம்தான். காலை எட்டரைக்குத் திறக்கிறார்கள், அப்போதே உள்ளே நுழைந்துவிடுங்கள். பத்து மணிக்கு மேல் வெயிலும் கூட்டமும் சேர்ந்துகொள்ளும். நுழைவுக் கட்டணம் 500 பாட். தோளும் முழங்காலும் மூடியிருக்க வேண்டும். போகிற வழியில் நல்லவிதமாகப் பேசி, "இன்று அரண்மனை மூடல்" என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். அடுத்ததாக, மலிவாக ஒரு டுக்-டுக் சவாரி என்பார். அது ரத்தினக் கல் கடை வாசலில் போய் நிற்கும். திறந்திருக்கிறதா என்பதை டிக்கெட் கவுன்டரில் மட்டும் கேளுங்கள்.

உள்ளே இருக்கும் கோயிலில் மரகத புத்தரைப் பார்க்கத்தான் எல்லாரும் முண்டுகிறார்கள். 66 சென்டிமீட்டர் உயரமே உள்ள சிலை அது. பருவத்துக்கு ஒன்றாக, ஆண்டுக்கு மூன்று முறை மன்னர் அதற்கு உடை மாற்றுகிறார். தரிசனம் முடிந்ததும் வெளியேறிவிடாதீர்கள். கோயிலைச் சுற்றிய பிராகாரச் சுவரில் 178 ஓவியங்களாக ராமாயணம் விரிகிறது. தாய்லாந்தில் அதன் பெயர் ராமகியன். கம்பனில் ஊறியவர்கள் அங்கே திகைத்து நிற்பார்கள். சேதுபந்தனத்தின்போது கடலில் போட்ட கற்கள் காணாமல் போகின்றன. அனுமன் மூழ்கிப் பார்த்தால், மீன்களை வைத்துக் கற்களை அகற்றிக்கொண்டிருக்கிறாள் ராவணனின் மகளான மச்சகன்னி. விரட்டிப் போன அனுமன் அவளிடம் காதல்கொள்கிறான், பிள்ளையும் பிறக்கிறது! நாம் வணங்கும் பிரம்மச்சாரி அங்கே காதல் நாயகன். ஒரு கதை கடல் தாண்டிப் போய் இன்னொரு மக்களுக்குச் சொந்தமாகும் அழகை அந்தச் சுவரில் பார்க்கலாம். என்னைக் கேட்டால், அரண்மனையில் பாதி நேரம் இதற்குத்தான் தர வேண்டும்.

அரண்மனைக்கு அடுத்து, வாட் போ கோயிலில் 46 மீட்டர் நீளச் சயன புத்தர். பாதங்களில் முத்துச்சிப்பி பதித்த 108 மங்கலச் சின்னங்களைத் தவறவிடாதீர்கள். எதிரே தா தியென் துறையில் சில பாட் கொடுத்தால் அக்கரைக்குத் தோணி, வாட் அருண் கோயில் வந்துவிடும். தூரத்தில் கல்லாகத் தெரிந்த கோபுரம், பக்கத்தில் போனால் சீனப் பீங்கான் துண்டுகளால் ஆன பூக்களாக மாறும்.

பாக் க்ளோங் தலாத் பூச்சந்தைக்கு இருட்டிய பிறகு போங்கள். மல்லிகையோடு எருக்கம்பூவையும் கோத்து மாலை கட்டுகிறார்கள். பிள்ளையாருக்கு நாம் சாத்தும் அதே எருக்கு!

நகரின் பழைய பகுதியில், 1784-ல் நிறுவிய ராட்சத ஊஞ்சலின் சிவப்புத் தேக்குத் தூண்கள் நிற்கின்றன. இன்று நிற்பவை 2007-ல் மாற்றியவை. ஊஞ்சலாட்டம் 1935-லேயே நின்றுபோனது. ஆனால், பக்கத்திலிருக்கும் பிராமணர் கோயிலில் ஆண்டுதோறும் ஊஞ்சல் விழாவின் சடங்கு நடக்கிறது. மாணிக்கவாசகரின் திருவெம்பாவையை, உச்சரிப்பு உருமாறினாலும், அங்கே இன்னும் ஓதுகிறார்கள். எந்த பேக்கேஜிலும் இந்த இடம் இல்லாதது எனக்குப் பெரிய வருத்தம். சீலோம் பகுதியில் 19-ம் நூற்றாண்டில் தமிழர்கள் கட்டிய மாரியம்மன் கோயிலில், இன்று தாய்லாந்து மக்களே பெருங்கூட்டமாக வரிசையில் நிற்கிறார்கள். விஜயதசமி இரவு அம்மன் வீதியுலா வரும். அந்த நாளில் சீலோமில் அறை எடுத்தால் டாக்ஸியை எதிர்பார்க்காதீர்கள், ஸ்கை ட்ரெயின்தான் கதி.

நவம்பர் முதல் பிப்ரவரி வரை போவது உடம்புக்கு நல்லது. ஏப்ரல் வெயில் கொடுமை. ஆனால், 13-ம் தேதி தொடங்கும் சோங்க்ரான் தண்ணீர்த் திருவிழாவுக்காகவே போகிறவர்கள் உண்டு. சைவர்களுக்கு ஒரு விஷயம்: வெறும் காய்கறி என்று கேட்டால் மீன் சாஸ் ஊற்றித் தந்துவிடுவார்கள். "ஜே" என்று கேளுங்கள். மஞ்சள் துணியில் சிவப்பு எழுத்து எழுதித் தொங்கவிட்ட கடைகளில் கறி, மீன், முட்டை மட்டுமல்ல, வெங்காயம், பூண்டுகூட இருக்காது. இட்லி, சப்பாத்திக்கு ஏங்கினால், பூச்சந்தையிலிருந்து நடக்கிற தூரத்தில்தான் இந்தியர்கள் கடை வைத்திருக்கும் பாஹுராத்.