உஷார்! அது உலர்பழம் இல்லை

இத்தாலிய மெனு கார்டை ஆங்கிலமாக்கும் வேலை கைக்கு வந்திருக்கிறதா? ஒரு நிமிஷம் நில்லுங்கள்.

சிரிப்பு மூட்டும் தப்புகளைப் பற்றி எனக்குக் கவலையில்லை. 'பென்னே அராபியாட்டா'வை யாரோ 'கோபக்கார பென்னே' என்று எழுதினால் சாப்பிட வந்தவர் சிரிப்பார், போட்டோ எடுப்பார், காரமான பாஸ்தாவைச் சாப்பிட்டுவிட்டுப் போவார். உயிருக்கு ஒன்றும் ஆகாது.

வயிற்றைக் கலக்குவது, சரியாக இருப்பதுபோல் தெரியும் தப்புதான். இனிப்பு வகைகளில் 'ஃப்ருத்தா செக்கா' என்று வரும். அகராதிப்படி காய்ந்த பழம். 'டிரைட் ஃப்ரூட்' என்று போட்டுவிட்டால் ஆங்கிலம் பளிச்சென்று இருக்கும். எந்த மென்பொருளும் சிவப்புக் கோடு போடாது. ஆனால் இத்தாலிக்காரர் வாயில் அந்தச் சொல் பெரும்பாலும் வால்நட், ஹேசல்நட், பாதாம்! நமக்கு இதில் இரட்டை ஆபத்து. நம்மூர்க் கடையில் 'டிரை ஃப்ரூட்ஸ்' என்று கேட்டால் முந்திரியும் பாதாமும் சேர்த்துத்தானே கட்டித் தருகிறார்கள்? அதனால் தப்பு நம் கண்ணில் படவே படாது. லண்டன்காரர் திராட்சை, அத்தி என்று நினைத்து வாயில் போடுவார். நட்ஸ் அலர்ஜி இருந்தால் சில நிமிஷங்களில் தொண்டை வீங்கி மூச்சு அடைக்கலாம்.

இத்தனைக்கும் ஐரோப்பிய ஒன்றியத்தின் 1169/2011 விதி, 14 வகை அலர்ஜிப் பொருள்களைச் சொல்லியே ஆக வேண்டும் என்கிறது. 2014 டிசம்பரிலிருந்து ஓட்டல்களுக்கும் அது பொருந்தும். அதன் இத்தாலிய வடிவத்தில் கொட்டை வகைகளுக்கு 'ஃப்ருத்தா ஆ கூஷோ', அதாவது ஓடுள்ள பழம், என்று தெளிவான பெயரே இருக்கிறது. மெனு எழுதுகிறவர் அதையா தேடுவார்? பேச்சு வழக்கில் வருவதைத்தான் எழுதுவார்.

சைவக்காரர்களுக்கும் கண்ணி உண்டு. ரொமான்யா பகுதியின் 'பியாதீனா'வை வெறும் ரொட்டி என்று மொழிபெயர்த்தால் குற்றம் சொல்ல முடியாது. ஆனால் மாவில் பன்றிக் கொழுப்பு சேர்ப்பது அங்கே பழைய வழக்கம். 'பெப்பெரோனி' கதை தலைகீழ்: இத்தாலியில் அது குடைமிளகாய். அமெரிக்கர் எதிர்பார்க்கும் இறைச்சித் துண்டு வராது, ஏமாற்றத்தோடு போய்விடும்.

நீங்கள் முடித்துக் கொடுத்த பழைய மெனுக்களை இன்றே திறந்து 'டிரைட் ஃப்ரூட்' என்று தேடிப் பாருங்கள். ஒன்று அகப்பட்டாலும் சரி, மின்னஞ்சல் வேண்டாம். அந்தச் சமையலறைக்கு உடனே போன் போடுங்கள்.