வறண்ட நிலத்தில் ஒரு பழங்காலத் திராட்சை

திராட்சைக் கொடிக்கு ஏராளமாக நீர் பாய்ச்ச வேண்டும் என்பது பொதுவாக நிலவும் எண்ணம். ஆயினும், ஆண்டொன்றுக்குச் சுமார் 300 மில்லிமீட்டர் மழையே பெய்யும் நிலத்தில், பாசனமின்றியே, பல தலைமுறைகளாகச் சிவப்புத் திராட்சை விளைவிக்கப்பட்டு வருகிறது. ஸ்பெயின் நாட்டின் தென்கிழக்கில், முர்சியா, அல்பசெத்தே ஆகிய மாகாணங்களில் பரந்துள்ள ஹுமியா வட்டாரமே அது. அங்கே பெருமளவில் பயிராகும் இனத்திற்கு மோனாஸ்ட்ரெல் என்று பெயர். இக்கொடி எவ்வாறு வறட்சியைத் தாங்குகிறது, எந்த நிலையில் தாங்க இயலாமற் போகிறது என்பவற்றை அறிந்துகொள்வது, வறண்ட பகுதிகளில் பணிபுரியும் ஊழியர்களுக்கும் ஆசிரியர்களுக்கும் பயன் தரும்.

இனத்தின் தொன்மை

மோனாஸ்ட்ரெல் மது தயாரிப்பதற்குரிய கருஞ்சிவப்பு இனமாகும். கி.மு. 500-ஐ ஒட்டிய காலத்தில் பினீசிய வணிகர்கள் இதனை ஸ்பெயின் கடற்கரைக்குக் கொணர்ந்தனர் என்று வழிவழியாகக் கூறுவதுண்டு. எழுத்து மூலமான சான்று கி.பி. 14-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியிலிருந்து கிடைக்கிறது. வலென்சியாப் பகுதியின் விளைபொருள்களைப் பற்றிய குறிப்பில் இதன் பெயர் காணப்படுகிறது. இதே இனம் பிரான்சில் மூர்வெத்ர் என்றும், ஆஸ்திரேலியாவில் மட்டாரோ என்றும் வழங்குகிறது.

இதன் மொட்டுகள் வசந்த காலத்தில் தாமதமாகவே விரிகின்றன. ஆதலின், பின்பனியால் விளையும் சேதத்திற்கு இது பெரும்பாலும் தப்பிவிடுகிறது. கனிகளும் தாமதமாகவே முதிர்கின்றன. செப்டம்பர், அக்டோபர் மாதங்களில் அறுவடை நடைபெறும். நீண்ட கோடை இல்லாத இடங்களில் இது சரிவர முதிர்வதில்லை. கனிகள் சிறியவை, தோல் தடித்தது.

நிலமும் சீதோஷ்ணமும்

ஹுமியாவின் தோட்டங்கள் கடல் மட்டத்திற்கு மேல் 400 முதல் 800 மீட்டர் வரையிலான உயரத்தில் அமைந்துள்ளன. கோடையில் வெப்பம் 40 டிகிரி சென்டிகிரேடை எட்டும்; குளிர்காலத்தில் உறைபனி விழும். மழை பெரும்பாலும் வசந்த காலத்திலும் இலையுதிர் காலத்திலும் பெய்கிறது. கோடை ஏறக்குறைய வறண்டே கழிகிறது. எனவே, முந்தைய பருவங்களில் மண்ணினுள் இறங்கித் தங்கிய நீரைக் கொண்டே கொடி கோடையைக் கடத்தல் வேண்டும். சுண்ணாம்பு மிகுந்த இவ்வட்டார மண் ஈரத்தை நெடுநாள் காத்து வைக்கும் தன்மையுடையது. இம்மண்ணின் ஆழமே இங்குள்ள உழவனின் நீர்த்தேக்கம் எனலாம்.

இடைவெளியே பாசனம்

இங்குள்ள பழைய தோட்டங்களில் கொடிகள் இரு திசைகளிலும் 2.5 மீட்டர் இடைவெளியில் நடப்பட்டுள்ளன. இக்கணக்கின்படி ஒரு ஹெக்டேரில் 1,600 கொடிகளே இடம்பெறும். பிரான்சின் போர்தோ வட்டாரத்தில் சில தோட்டங்களில் ஒரு மீட்டர் இடைவெளியில், ஹெக்டேருக்கு 10,000 கொடிகள் வரை நடுகின்றனர். இவ்வேற்றுமையின் காரணத்தை எளிய கணக்கினால் விளக்கலாம்.

ஒரு சதுர மீட்டர் பரப்பில் ஒரு மில்லிமீட்டர் மழை பெய்தால் ஒரு லிட்டர் நீர் கிடைக்கும். ஹுமியாவில் ஒரு கொடிக்கு உரிய பரப்பு 6.25 சதுர மீட்டர். 300 மில்லிமீட்டர் மழையில் அக்கொடியின் பங்கு 1,875 லிட்டர் ஆகிறது. அதே நிலத்தில் ஒரு மீட்டர் இடைவெளியில் நட்டிருந்தால், ஒவ்வொரு கொடிக்கும் 300 லிட்டர் மட்டுமே கிட்டும். இந்நீர் முழுவதும் வேரை அடைவதில்லை. ஒரு பகுதி ஆவியாகியும் வழிந்தோடியும் போகிறது. ஆயினும், மழையை அதிகரிக்க இயலாதபோது கொடிகளின் எண்ணிக்கையைக் குறைத்து ஒவ்வொன்றின் பங்கையும் பெருக்க இயலும் என்பது இதனால் தெளிவாகும். ஹெக்டேருக்குரிய விளைச்சல் குறைவதே இதற்கு உழவன் கொடுக்கும் விலை.

கொடிகளுக்குப் பந்தலோ கம்பியோ கிடையாது. குட்டையான அடித்தண்டின் மேல் சில கிளைகள் கிண்ண வடிவில் விரிய விடப்படுகின்றன. குளிர்காலக் கவாத்தின்போது ஒவ்வொரு கிளையிலும் இரண்டு மொட்டுகள் உள்ள சிறு துண்டுகளே எஞ்சுமாறு வெட்டிவிடுகின்றனர். இதனால் இலைப்பரப்பு அளவோடு நின்று, இலைகளின் வழியே வெளியேறும் நீரும் குறைகிறது. இலைகள் குலைகளுக்கும் தண்டைச் சுற்றிய தரைக்கும் நிழல் தருகின்றன. ஆழமின்றி உழுது களைகளை அகற்றுவதால், ஈரத்திற்குப் போட்டியும் ஒழிகிறது.

வேர்ப்பூச்சியின் வருகை

வட அமெரிக்காவைத் தாயகமாகக் கொண்ட பிலாக்ஸெரா என்னும் நுண்ணிய வேர்ப்பூச்சி, 1860-களில் பிரான்சில் பரவி ஐரோப்பியத் தோட்டங்களை அழிக்கத் தொடங்கியது. இப்பூச்சியைத் தாங்கவல்ல அமெரிக்க இன வேர்ச்செடிகளில் ஐரோப்பியக் கொடியை ஒட்டுக்கட்டுவதே நிலையான பரிகாரமாயிற்று. தளர்ந்த மணலில் இப்பூச்சி எளிதில் நடமாட இயலாது. ஹுமியா வட்டாரம் ஒரு நூற்றாண்டுக்கும் மேலாக இதன் பெருந்தாக்குதலுக்குத் தப்பியிருந்தது. எனவே அங்கு ஒட்டுக்கட்டாத கொடிகளே பெருவாரியாக நின்றன. 1989-இல் பூச்சி அங்கும் பரவியது. விளைச்சல் சரிந்தது, ஏராளமான தோட்டங்களைப் பிடுங்கி மீண்டும் நட நேர்ந்தது. மணற்பாங்கான இடங்களில் மட்டும் ஒட்டில்லாத முதிய கொடிகள் எஞ்சின.

மறுநடவில் வேர்ச்செடியைத் தேர்ந்தெடுப்பது எளிதன்று. அமெரிக்க இனங்கள் பலவும் சுண்ணாம்பு மண்ணில் இரும்புச் சத்தை ஈர்க்க இயலாமல் இலை வெளுத்து நலியும். பூச்சி, சுண்ணாம்பு, வறட்சி ஆகிய மூன்றையும் ஒருங்கே தாங்கும் வேர்ச்செடியே தேவை. 110 ரிக்டர், 140 ருக்கேரி முதலிய கலப்பினங்கள் இத்தகையவை.

முறையின் எல்லை

வறட்சியைத் தாங்குதல் வேறு, வறட்சியால் பாதிக்கப்படாதிருத்தல் வேறு. மண்ணில் சேமித்த ஈரம் ஆண்டுதோறும் மழையால் நிரப்பப்பட வேண்டும். 2023, 2024 ஆகிய ஆண்டுகளில் ஸ்பெயினின் தென்கிழக்கைத் தாக்கிய கடும் வறட்சியில் இவ்வட்டாரத்தின் விளைச்சல் பெரிதும் குறைந்தது. பல தலைமுறைகள் பேணிய கொடியாயினும், சேமிப்பு தீர்ந்த பின்னர் அதனால் தாங்க முடிவதில்லை. அவ்வாறு பட்டுப்போகும் கொடிக்கு ஈடாக நடப்படும் கன்று, அதைப்போல் ஆழ வேரூன்றப் பல ஆண்டுகள் ஆகும்.

சொட்டுநீர் வசதியுள்ள இடங்களில், முழுத் தேவைக்கும் குறைவாகவே அளந்து நீர்விடும் முறையை மோனாஸ்ட்ரெல் கொடிகளில் முர்சியா ஆராய்ச்சியாளர்கள் நீண்ட காலமாகச் சோதித்து வருகின்றனர். மிதமான நீர்க்குறைவால் கனிகள் சிறுத்து நிறம் செறிகிறது; குறைவு மிகுந்தால் கொடியே நலிகிறது. குறைந்த நீரை எப்பொழுது தருவது என்பதே இங்கு முதன்மையான கேள்வி.

நம் நாட்டிற்குரிய படிப்பினை

ஹுமியாவின் முறையை அப்படியே நம் நிலத்தில் பின்பற்ற இயலாது. அங்கே கொடி குளிர்காலத்தில் இலையுதிர்த்து உறங்குகிறது. நமது தக்காணப் பகுதியில் அது உறங்குவதில்லை. ஏப்ரலிலும் அக்டோபரிலும் கவாத்து செய்து அதன் வளர்ச்சியை நாம்தாம் ஒழுங்குபடுத்துகிறோம். மகாராஷ்டிரத்தில் வறட்சியையும் உவர்ப்பையும் தாங்குவதற்கெனக் கொடிகளை டாக்ரிட்ஜ் என்னும் வேர்ச்செடியில் ஒட்டுக்கட்டுவது பரவலாக உள்ளது. கொடியினமும் பருவமும் வேறாயினும், மண்ணின் ஆழம், மழையின் அளவு, ஒரு செடியின் பங்கு ஆகியவற்றைக் கணக்கிட்ட பின்னரே நடவு இடைவெளியை முடிவு செய்தல் வேண்டும் என்ற விதி இரண்டு நாடுகளுக்கும் பொதுவானது.

ஆசிரியர்கள் பள்ளி வளாகத்திலுள்ள ஒரு மரத்தின் கீழ்ப் பரப்பை மாணவர்களைக் கொண்டு அளக்கச் செய்து, தம் ஊரின் மழையளவால் பெருக்கிக் காட்டலாம். களப் பணியாளர்கள் புதிய தோட்டத்திற்கு இசைவு கூறுமுன் இதே கணக்கை உழவருடன் அமர்ந்து போட்டுப் பார்த்தல் நலம். கன்று நட்ட பின்னர் இடைவெளியை மாற்றுவது எளிதன்று.