சவரம் செய்த முகம் ஏன் எரிகிறது?

விழுப்புரம் மாவட்டத்து மாணவர்களில் பலர் திருவக்கரைக்குச் சுற்றுலா சென்றிருப்பீர்கள். திண்டிவனத்திலிருந்து மயிலம் வழியாகப் போனால் சங்கராபரணி ஆற்றங்கரையில் அந்த ஊர் இருக்கிறது. வக்கிரகாளியம்மன் கோயிலுக்குப் பௌர்ணமிதோறும் கூட்டம் கூடும். ஊரின் மற்றொரு புகழ் அங்குள்ள கல்மரங்கள். ஏறத்தாழ 2 கோடி ஆண்டுகளுக்கு முன் ஆற்று வெள்ளம் அடித்து வந்து மணலில் புதைத்த மரங்கள் அவை. நீரில் கரைந்திருந்த சிலிக்கா மரத்தின் திசுக்களுக்குள் சிறிது சிறிதாகப் படிந்து, மரத்தின் வடிவம் மாறாமலே அவற்றைக் கல்லாக்கிவிட்டது. இந்தியப் புவியியல் ஆய்வுத் துறை அவற்றைப் பாதுகாத்து வருகிறது.

இந்தக் கல்மரத்தை எஃகுக் கத்தியால் சீவ முடியுமா? முடியாது. சிலிக்காவின் கடினம் மோஸ் அளவையில் 7. சாதாரணக் கத்தியின் எஃகு அதற்குக் கீழேதான் வரும். எனவே கல் தேயாது, கத்திதான் தேயும். கடினமான பொருள் மென்மையான பொருளைக் கீறும் என்பது நீங்கள் படித்த விதி.

சரி, இப்போது வேறொரு கேள்வி. மனித முடி சவர பிளேடின் எஃகைவிட ஏறக்குறைய 50 மடங்கு மென்மையானது. அப்படியானால் பத்துப் பதினைந்து முறை சவரம் செய்ததும் பிளேடு ஏன் மழுங்கிப் போகிறது? பிளேடு மழுங்கினால் முகம் ஏன் எரிகிறது? உங்களில் சிலருக்கு இப்போதுதான் மீசை அரும்பத் தொடங்கியிருக்கும். அப்பாவின் ரேசரை எடுக்கக் கை நீளுவதற்கு முன் இந்தக் கேள்விகளுக்கு விடை தெரிந்துகொள்வது நல்லது. கை கால் முடியை மழிக்கும் மாணவிகளுக்கும் இது பொருந்தும்.

மென்மை எஃகை வென்ற கதை

அமெரிக்காவின் மாசாசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்து ஆய்வாளர்கள் இதை மின்னணு நுண்ணோக்கியின் கீழ் வைத்துப் பார்த்தார்கள். முடிவுகள் 2020-ல் 'சயின்ஸ்' இதழில் வெளிவந்தன. பிளேடின் விளிம்பு மெல்ல மெல்லத் தேய்ந்து உருண்டையாகும் என்றுதான் எல்லோரும் நினைத்திருந்தார்கள். அவர்கள் கண்டது வேறு. விளிம்பில் ஆங்காங்கே சிறு சில்லுகள் பெயர்ந்து போயிருந்தன.

முடி பிளேடுக்கு நேராக நிற்கும்போது சில்லு பெயரவில்லை. முடி வளைந்து, சாய்ந்த கோணத்தில் விளிம்பைத் தாக்கும்போதுதான் பெயர்ந்தது. அதுவும் எஃகின் உள்ளமைப்பு எங்கும் ஒரே சீராக இல்லாமல், கடினமான பகுதியும் சற்று இளகிய பகுதியும் அடுத்தடுத்து இருந்த இடத்தில்தான். ஒரு சில்லு பெயர்ந்துவிட்டால் அடுத்த சில்லு பெயர்வது எளிதாகிறது. ஆக, பழைய பிளேடின் விளிம்பு ஒரு சிறிய ரம்பம் போல் ஆகிவிடுகிறது.

கூரிய விளிம்பு முடியை வெட்டும். ரம்பமான விளிம்பு முடியை முதலில் இழுக்கும், பிறகு பிய்க்கும், கூடவே தோலையும் சுரண்டும். எரிச்சலின் முதற் காரணம் இதுதான்.

தோலில் நடப்பது என்ன?

நம் தோலின் மேற்பரப்பில் இறந்த உயிரணுக்கள் ஓடு வேய்ந்தாற்போல் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கப்பட்டிருக்கின்றன. அவற்றுக்கு இடையே கொழுப்புப் பொருள்கள் சாந்து போலப் பூசப்பட்டிருக்கும். இந்த அடுக்கின் கனம் முகத்தில் ஒரு மில்லிமீட்டரில் நூறில் ஒரு பங்கு அளவே இருக்கும். வெளியிலிருந்து கிருமிகள் புகாமலும், உள்ளிருந்து ஈரம் போகாமலும் காப்பது இதுதான்.

பிளேடு முடியை மட்டும் வெட்டுவதில்லை, இந்த ஓடுகளையும் சீவி எடுக்கிறது. கொஞ்சம் சீவினால் கவலையில்லை, தோல் புதிய ஓடுகளைச் செய்துகொள்ளும். அழுத்திச் சீவினாலோ, ஒரே இடத்தில் பலமுறை ஓட்டினாலோ அடியிலுள்ள உயிருள்ள அணுக்கள் வெளிப்படும். உடனே அவை சில வேதிப்பொருள்களைச் சுரந்து உதவி கேட்கின்றன. இரத்தக் குழாய்கள் விரிகின்றன, தோல் சிவக்கிறது, நரம்பு முனைகள் தூண்டப்படுகின்றன. இதைத்தான் நாம் எரிச்சல் என்கிறோம்.

இந்த நேரத்தில் வாசனைத் திரவத்தைத் தடவினால் 'சுரீர்' என்கிறதே, ஏன்? நம் நரம்பு முனைகளில் சூட்டை உணரும் ஒரு புரதம் உண்டு. மிளகாய் நாக்கில் பட்டால் காரமாக உணரச் செய்வதும் அதே புரதந்தான். 1997-ல் இதைக் கண்டறிந்து அறிவித்த டேவிட் ஜூலியஸ் 2021-ல் நோபெல் பரிசைப் பகிர்ந்துகொண்டார். சாதாரணமாக இப்புரதம் 42 டிகிரி செல்சியசுக்கு மேல்தான் 'சுடுகிறது' என்று செய்தி அனுப்பும். ஆல்கஹால் பட்டால் அந்த எல்லை ஏறத்தாழ 34 டிகிரிக்கு இறங்கிவிடுகிறது. அப்போது நம் உடலின் சொந்தச் சூடே நெருப்பாகத் தெரிகிறது! எரிவதால் மருந்து வேலை செய்கிறது என்று நினைக்க வேண்டாம். ஆல்கஹால் தோலை மேலும் உலர்த்தத்தான் செய்யும்.

சிறு கொப்புளங்கள் எப்படி வருகின்றன?

எரிச்சல் சில மணி நேரத்திலோ இரண்டொரு நாளிலோ அடங்கிவிடும். சிலருக்கு மூன்றாம் நாள் தாடையிலும் கழுத்திலும் சிறு சிறு பொரிகள் கிளம்பும். பார்க்கப் பரு போலிருந்தாலும் இவை பரு அல்ல.

தாடி முடி நாளொன்றுக்கு ஏறத்தாழ 0.3 முதல் 0.4 மில்லிமீட்டர் வளர்கிறது. பிளேடு அதைச் சாய்வாக வெட்டினால் முனை ஈட்டி போலக் கூராகிறது. சுருள் முடியாக இருந்தால் அந்த ஈட்டி வெளியே வந்ததும் வளைந்து, பக்கத்துத் தோலையே குத்தி உள்ளே புகுகிறது. தோலை இழுத்துப் பிடித்து மழிக்கும்போதும், இரண்டு மூன்று பிளேடுகள் கொண்ட ரேசரால் மழிக்கும்போதும் இன்னொன்று நடக்கும். முதல் பிளேடு முடியைச் சற்று வெளியே இழுக்க, அடுத்தது அதை வெட்ட, மீதி முடி தோல் மட்டத்துக்குக் கீழே சுருங்கிக்கொள்ளும். அது வெளியே வர வழி தெரியாமல் மயிர்க்காலின் சுவரைக் குத்தும். உடல் அதை ஒரு முள்ளாகவே கருதிப் போர் தொடுக்கிறது. பொரி என்பது அந்தப் போர்க்களம். முகம் வழவழப்பாக இருக்க வேண்டும் என்று எவ்வளவுக்கெவ்வளவு ஒட்ட மழிக்கிறோமோ, பொரிக்கு அவ்வளவுக்கவ்வளவு இடம் கொடுக்கிறோம்.

தண்ணீரே முதல் மருந்து

முடி கெராட்டின் என்ற புரதத்தால் ஆனது. அதன் நீண்ட சங்கிலிகளை ஹைட்ரஜன் பிணைப்புகள் ஒன்றோடொன்று சேர்த்துப் பிடித்திருக்கின்றன. முடியை நீரில் ஊறவைத்தால் நீர் மூலக்கூறுகள் உள்ளே புகுந்து இப்பிணைப்புகளில் பலவற்றைத் தளர்த்திவிடும். முடி பருத்து இளகும். உலர்ந்த முடியை வெட்டத் தேவைப்படும் விசையைவிட ஊறிய முடிக்கு மிகக் குறைந்த விசையே போதும். எனவே,

1. குளித்தவுடன் சவரம் செய்யுங்கள். இல்லையெனில் வெதுவெதுப்பான நீரில் நனைத்த துணியை இரண்டு மூன்று நிமிடம் முகத்தில் வையுங்கள்.

2. சோப்பு நுரையோ சவரக் களிம்போ தடவி இன்னும் ஒரு நிமிடம் பொறுங்கள். நுரை, பிளேடுக்கும் தோலுக்கும் இடையே உராய்வைக் குறைக்கும். வண்டிச் சக்கரத்துக்கு மசகு போடுவது போன்றது இது. துணி துவைக்கும் சோப்பு வேண்டாம். நம் தோல் சற்று அமிலத் தன்மை உடையது, அந்தச் சோப்போ கடுமையான காரம்.

3. முடி எந்தப் பக்கம் படிகிறதோ அந்தப் பக்கமே ரேசரை ஓட்டுங்கள். கழுத்தில் முடி பல திசையில் வளரும். விரலால் தடவிப் பாருங்கள், சொரசொரக்காத திசையே முடி வளரும் திசை.

4. அழுத்த வேண்டாம். தோலை இழுத்துப் பிடிக்க வேண்டாம். ஒவ்வொரு இழுப்புக்கும் பிளேடை அலசுங்கள்.

5. ஐந்தாறு சவரத்துக்குப் பின் பிளேடை மாற்றுங்கள். முடியை இழுக்கத் தொடங்கினால் அதற்கு முன்பே மாற்றுங்கள். ரேசரை ஈரத்தில் போட்டு வைக்காதீர்கள்.

6. முடிவில் குளிர்ந்த நீரால் கழுவி, துண்டால் தேய்க்காமல் ஒற்றி எடுங்கள். வாசனை சேர்க்காத ஈரப்பசைக் களிம்பு சிறிது தடவலாம்.

படிகாரமும் பாதி பிளேடும்

சலூனில் சவரம் முடிந்ததும் வெள்ளைக் கட்டி ஒன்றை நனைத்து முகத்தில் தேய்ப்பார்கள். அதுதான் படிகாரம். பொட்டாசியம், அலுமினியம் ஆகிய இரண்டின் சல்பேட்டுகள் சேர்ந்த இரட்டை உப்பு என்று வேதியியல் பாடத்தில் படித்திருப்பீர்கள். கலங்கிய குடிநீரைத் தெளியவைப்பதும் இதுவே. அலுமினிய அயனிகள் தோலின் மேலுள்ள புரதங்களை உறையச் செய்து, சிறு கீறல்களின் வாயை மூடுகின்றன. இரத்தக் கசிவு நிற்கிறது. நம் முன்னோரின் பழக்கம் பொருளற்றதல்ல.

ஆனால் ஒரே கட்டியை அடுத்தடுத்துப் பத்துப் பேர் முகத்தில் தேய்ப்பது வேறு விஷயம். படிகாரம் எல்லாக் கிருமிகளையும் கொன்றுவிடும் என்று நம்பக்கூடாது. கல்லீரலைத் தாக்கும் ஹெபடைட்டிஸ்-பி வைரஸ், உடலுக்கு வெளியே காய்ந்த இரத்தத்திலும் குறைந்தது 7 நாள் உயிர்ப்போடு இருக்கும். கண்ணுக்குத் தெரியாத இரத்தத் துளி போதும், ஒருவரிடமிருந்து மற்றவருக்குப் போய்விடும். ஹெபடைட்டிஸ்-சி வைரசும் இவ்வழியில் பரவக் கூடியதே.

1986-ல் சென்னையில் டாக்டர் சுனிதி சாலமன் குழுவினர் இந்தியாவில் முதன்முதலாக எச்.ஐ.வி. தொற்றைக் கண்டறிந்தார்கள். அந்த வைரஸ் சவரத்தின் மூலம் பரவும் வாய்ப்பு மிகக் குறைவு. இருந்தாலும் அதன் பிறகு ஏற்பட்ட விழிப்பு ஒரு நன்மை செய்தது. தீட்டித் தீட்டிப் பயன்படுத்திய பழைய சவரக் கத்தியின் இடத்தைப் பல கடைகளில் 'பாதி பிளேடு' பிடித்துக்கொண்டது. காகித உறையோடு பிளேடை இரண்டாக ஒடித்து, ஒரு பாதியைப் பிடியில் செருகி, வேலை முடிந்ததும் எறிந்துவிடுகிறார்கள்.

நீங்கள் நாற்காலியில் அமர்ந்ததும் புது பிளேடு மாற்றச் சொல்லிக் கேளுங்கள். பழனியிலோ சமயபுரத்திலோ உங்கள் வீட்டுக் குழந்தைக்கு முடி இறக்கும்போதும் கேளுங்கள். இது மரியாதைக் குறைவு அல்ல. கையில் நாள் முழுதும் கத்தி பிடித்திருக்கும் முடி திருத்தும் தொழிலாளிக்கும் அது பாதுகாப்பே. படிகாரம் வேண்டுமென்றால் வீட்டில் உங்களுக்கென்று ஒரு கட்டி வைத்துக்கொள்ளுங்கள். அண்ணன் தம்பியானாலும் ரேசரைப் பகிர்ந்துகொள்ளாதீர்கள். ஹெபடைட்டிஸ்-பிக்குத் தடுப்பூசி உண்டு. 2011 முதல் நாடு முழுவதும் குழந்தைகளுக்குப் போடப்படுகிறது. நீங்கள் போட்டுக்கொண்டீர்களா என்று வீட்டில் கேட்டுப் பாருங்கள்.

வந்துவிட்டால் என்ன செய்வது?

எரிச்சலுக்கு: குளிர்ந்த நீரில் நனைத்துப் பிழிந்த துணியைப் பத்து நிமிடம் வையுங்கள். காலமைன் பூசலாம். எலுமிச்சைச் சாறு, பற்பசை, சுண்ணாம்பு எதுவும் வேண்டாம். ஓடு பெயர்ந்த கூரையில் மேலும் கல்லெறிவது போலாகும்.

பொரிகளுக்கு: சவரத்தைச் சில வாரம் நிறுத்துவதே தலையாய மருந்து. உள்ளே மாட்டிய முடி வளர்ந்து நீளும்போது வில் போல நிமிர்ந்து தானே விடுபடும். தினமும் இரண்டு மூன்று முறை வெதுவெதுப்பான ஈரத் துணியால் ஒத்தடம் கொடுங்கள். கிள்ளவோ பிதுக்கவோ கூடாது, தழும்பு நிற்கும். அடிக்கடி பொரி வருபவர்கள் பிளேடை விட்டு, ஒரு மில்லிமீட்டர் முடி விட்டு வெட்டும் மின்சாரக் கருவிக்கு மாறலாம்.

மருந்துக் கடையில் 'முகத்துக்கு ஏதாவது களிம்பு' என்று கேட்டு வாங்காதீர்கள். ஸ்டீராய்டு கலந்த களிம்புகள் இரண்டே நாளில் சிவப்பை மறைக்கும். தொடர்ந்து பூசினால் தோல் மெலிந்து, பருக்கள் கிளம்பி, நிறுத்தினால் முன்னிலும் அதிகமாக எரியும். இதனால் முகம் கெட்டவர்கள் நம் நாட்டில் ஏராளம். தோல் மருத்துவர்கள் தொடர்ந்து எச்சரித்ததன் பயனாக, 2018-ல் மத்திய அரசு 14 வகை ஸ்டீராய்டுக் களிம்புகளை மருத்துவர் சீட்டு இல்லாமல் விற்கக்கூடாது என்று ஆணையிட்டது.

சீழ் பிடித்தாலோ, சிவப்பு பரவினாலோ, காய்ச்சல் வந்தாலோ, வட்ட வட்டமாக அரிப்போடு படை தோன்றினாலோ தாமதிக்காமல் அரசு மருத்துவமனைக்குச் செல்லுங்கள். பாக்டீரியாத் தொற்றுக்கு ஒரு மருந்து, படர்தாமரைக்கு வேறு மருந்து. எது என்று மருத்துவர்தான் சொல்ல முடியும்.

ஒரு பயமும் ஒரு சோதனையும்

மழித்தால் முடி தடிப்பாக வளரும் என்று பலரும் சொல்வார்கள். மில்ட்ரெட் டிராட்டர் என்ற அமெரிக்கப் பெண் விஞ்ஞானி 1928-லேயே சிலரை ஒரே முறையில் சவரம் செய்யச் சொல்லி, வெட்டிய முடியை அளந்து, நிறமோ தடிமனோ வளரும் வேகமோ மாறவில்லை என்று காட்டினார். மழிக்காத முடியின் நுனி இயற்கையாகவே மெலிந்திருக்கும். வெட்டிய முடியின் நுனி தட்டையாக இருப்பதால் கைக்குச் சொரசொரப்பாகப் படுகிறது. அவ்வளவுதான்.

தண்ணீர் முடியை இளக்குகிறது என்பதை நீங்களே பார்க்கலாம். சீப்பில் சிக்கிய நீண்ட முடிகளில் ஒரே நீளமுள்ள இரண்டை எடுங்கள். ஒன்றை ஐந்து நிமிடம் வெதுவெதுப்பான நீரில் ஊறவையுங்கள். இரண்டையும் ஓர் அளவுகோலின்மேல் வைத்து, அறுந்து போகும்வரை மெதுவாக இழுத்து, எது அதிகம் நீளுகிறது என்று குறித்துக்கொள்ளுங்கள். ஒரு முறை செய்து நிறுத்திவிடாமல், பத்து ஜோடி முடிகளோடு செய்து சராசரி காணுங்கள். வந்த எண்களை உங்கள் அறிவியல் ஆசிரியரிடம் காட்டுங்கள்.