நச்சு ஆலை நிலத்தில் மேயும் காட்டெருமைகள்

அமெரிக்காவின் டென்வர் நகருக்கு வடகிழக்கே ஒரு பெரிய புல்வெளி இருக்கிறது. 15,000 ஏக்கருக்கும் அதிகமான பரப்பு. காட்டெருமைகள் மேய்கின்றன, மான்கள் திரிகின்றன, குளிர்காலத்தில் வெண்தலைக் கழுகுகள் வந்து தங்குகின்றன. ஒரு காலத்தில் அந்நாட்டிலேயே மிக மோசமாக மாசுபட்ட நிலங்களில் இதுவும் ஒன்று.

இரண்டாம் உலகப் போரின்போது, 1942இல், அங்கே விவசாயம் செய்துவந்த குடும்பங்களை வெளியேற்றிவிட்டு ராணுவம் 'ராக்கி மவுண்டன் ஆர்சனல்' என்ற ரசாயன ஆயுத ஆலையை எழுப்பியது. கடுகு வாயுவும் நேபாம் குண்டுகளும் அங்கே தயாராயின. 1950களில் சாரின் என்னும் நரம்பு நச்சும் சேர்ந்துகொண்டது. ஆலையின் ஒரு பகுதியைக் குத்தகைக்கு எடுத்த ஷெல் நிறுவனம் 1982 வரை பூச்சிக்கொல்லிகளைத் தயாரித்தது.

கழிவுநீரைத் திறந்த குட்டைகளில் விட்டார்கள். அது நிலத்தடி நீரில் இறங்கி, அக்கம்பக்கத்துப் பயிர்களைக் கருக்கியது. பிறகு சுமார் 12,000 அடி ஆழத்துக்குக் கிணறு தோண்டி, 1962 முதல் கழிவை அதற்குள் அழுத்தினார்கள். சில வாரங்களிலேயே டென்வர் பகுதியில் நிலம் அதிரத் தொடங்கியது. 1966இல் அந்த வேலையை நிறுத்திய பிறகும், மறு ஆண்டிலும் நடுக்கங்கள் ஓயவில்லை.

இவ்வளவு நஞ்சுக்கு நடுவிலும் உயிர்கள் எப்படித் தங்கின?

ஆலைக் கட்டடங்கள் இருந்தது நிலத்தின் நடுப்பகுதியில்தான். சுற்றிலும் பாதுகாப்புக்காக விடப்பட்ட வெற்று நிலத்தில் வேலி இருந்தது, காவல் இருந்தது, மனித நடமாட்டம் இல்லை. நகரம் வேலிவரை வளர்ந்து வந்தபோதும் உள்ளே வீடுகள் முளைக்கவில்லை. 1986இல் அழிவின் விளிம்பில் இருந்த வெண்தலைக் கழுகுகள் அங்கே கூட்டமாக இரவு தங்குவது தெரியவந்தது. அதுதான் திருப்புமுனை. 1992இல் அமெரிக்க நாடாளுமன்றம், துப்புரவு முடிந்ததும் இந்நிலம் வனவிலங்குப் புகலிடமாக வேண்டும் என்று சட்டம் இயற்றியது.

வேலி உயிர்களைக் காத்தது உண்மை. ஆனால் நஞ்சு தானாகப் போகவில்லை. மாசுபட்ட குட்டைகளில் இறங்கிய பறவைகள் செத்து மிதந்த இடம் இது. கட்டடங்களை இடித்து, நஞ்சேறிய மண்ணை அள்ளி, கசியாத அடித்தளம் கொண்ட குழிகளில் புதைத்தார்கள். வளை தோண்டும் பிராணிகள் அதைத் தொட்டுவிடாதபடி, மேலே உடைத்த கான்கிரீட்டையும் ஓர் அடுக்காகப் பரப்பினார்கள். 2010இல் பெரும் பணிகள் முடிந்தபோது செலவு சுமார் 210 கோடி டாலர். ராணுவமும் ஷெல்லும் அதைப் பகிர்ந்துகொண்டன.

இதற்கிடையே, 2007இல் மொன்டானாவிலிருந்து 16 காட்டெருமைகளைக் கொண்டுவந்து விட்டார்கள். இன்று அந்த மந்தை பல மடங்கு பெருகியிருக்கிறது. முற்றிலும் அழிந்துவிட்டதாக ஒருகாலத்தில் கருதப்பட்ட கருங்கால் ஃபெரெட் என்ற சிறு வேட்டைப் பிராணியும் 2015இல் இங்கே குடியேறியது.

காரில் இருந்தபடியே விலங்குகளைப் பார்க்க 11 மைல் நீளப் பாதை உண்டு, நடைபாதைகளும் உண்டு. ஏரியில் தூண்டில் போடலாம். பிடித்த மீனைத் திரும்ப விட்டுவிட வேண்டும், சாப்பிடக் கூடாது. வீடு கட்டவும், விவசாயம் செய்யவும், நிலத்தடி நீரைக் குடிக்கவும் தடை இருக்கிறது. குடியிருப்புக்குத் தேவையான அளவுக்கு இந்த மண் சுத்தமாக்கப்படவில்லை என்பதே காரணம்.

நஞ்சு புதைக்கப்பட்ட பகுதி இன்னும் ராணுவத்தின் கையில்தான் இருக்கிறது. நிலத்தடி நீரை இறைத்துச் சுத்திகரிக்கும் வேலை இன்றும் தொடர்கிறது. செய்த துப்புரவு தாக்குப்பிடிக்கிறதா என்று ஐந்து ஆண்டுகளுக்கு ஒருமுறை ஆய்வு நடத்த வேண்டும் என்பது சட்டம்.